பறவைப் பார்வை நகரப் படங்கள்: சோபாவுக்கு மேலே மாட்டலாமா?

கேள்வி, பிப்ரவரி 8

துவாரகாவில் புது ஃப்ளாட். ஹாலில் சோபாவுக்கு மேலே ஏழடிச் சுவர் காலியாகக் கிடக்கிறது. தஞ்சாவூர்ப் படம், புத்தர் தலை எல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது. பழைய காலத்து ஊரை மேலிருந்து பார்ப்பது போல் வீடு வீடாக வரைந்திருப்பார்களே, அந்த மாதிரி மேப் ஒன்று மாட்ட ஆசை. ஒரிஜினல் வாங்கலாமா, பிரிண்ட் போதுமா? டெல்லியில் எங்கே தேடுவது? இருபதாயிரம் வரை செலவு செய்யலாம்.

பிப்ரவரி 8, இரவு

மாட்டுங்கள். ஆனால் சோபாவுக்கு மேலே வேண்டாம்.

மயூர் விஹாரில் என் வீட்டில் அந்தத் தப்பைச் செய்தேன். ஆறு வருடம் வெனிஸ் நகரம் எங்கள் சோபாவுக்கு மேலே தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி குடித்தார்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ மீன் வடிவம் தெரியும், அவ்வளவுதான். இந்தப் படத்தை மூக்கு படுகிற தூரத்தில் நின்று படிக்க வேண்டும். நடையில் மாட்டுங்கள், இல்லையென்றால் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், நின்றால் கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில்.

பிப்ரவரி 9

வெனிஸ் என்றதும் எது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். யாக்கோபோ தே பார்பரி 1500-இல் வெளியிட்டது. ஆறு தாள், சேர்த்து ஒட்டினால் கிட்டத்தட்ட 1.3 மீட்டர் உயரம், 2.8 மீட்டர் அகலம். அத்தனையும் செப்புத் தகட்டில் செதுக்கியது. மேலே மேகத்தில் ரோமானியக் கடவுள் மெர்க்குரி, கீழே தண்ணீரில் கடல் தெய்வம் நெப்டியூன், சுற்றிலும் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கும் காற்றுத் தலைகள். மனிதன் பலூனில் ஏறியதே 1783-இல்தான். அதற்கு இருநூற்றெண்பது வருடத்துக்கு மேல் முந்தி, ஊரை ஆகாயத்திலிருந்து எப்படிப் பார்த்தார்கள்? பார்க்கவே இல்லை. கோபுரங்களில் ஏறியும் தெருத்தெருவாக நடந்தும் அளந்து, எல்லாவற்றையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவந்து கோத்திருக்கிறார்கள். மூன்று வருட வேலை.

பிப்ரவரி 9, அரை மணி கழித்து

செப்புத் தகடு என்று எழுதியது தப்பு. மரக்கட்டை. ஆறு கட்டைகளும் இன்றும் வெனிஸில் கோரர் மியூசியத்தில் இருக்கின்றன. ஆறு வருடம் வீட்டில் வைத்திருந்துவிட்டு இதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சோபாவுக்கு மேலே மாட்டினால் இப்படித்தான்.

பிப்ரவரி 9, தூக்கம் வராமல்

என் பிரிண்டில் சான் மார்கோ மணிக்கூண்டு மொட்டையாக இருக்கும். பிரிண்டிங்கில் நுனி வெட்டுப்பட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். உண்மையில் 1489-இல் இடி விழுந்து உச்சி போய்விட்டது, 1500-இல் தற்காலிகக் கூரைதான் இருந்தது. கூண்டைச் சரி செய்த பிறகு கட்டையிலும் அந்த இடத்தைத் திருத்தி அச்சடித்தார்கள். மொட்டைக் கூண்டு இருந்தால் முதல் பதிப்பைப் பார்த்து எடுத்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அங்கே மோமோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 12

ஒரிஜினலா பிரிண்டா என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இருபதாயிரத்துக்குள் என்றால் பிரிண்ட்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இந்த வகைப் படங்கள் ஆயிரத்துக்கும் மேல் வைத்திருக்கிறது. பெரிய ஃபைலாகவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஃபைல் அகலம் 12,000 பிக்ஸல் என்றால் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 40 அங்குலம் கூர்மையாக வரும். சுவர் ஏழடியாக இருக்கிறது என்பதற்காகப் படத்தையும் ஏழடிக்கு இழுக்காதீர்கள். இழுத்தால் ஜன்னலெல்லாம் கொசகொசவென்று ஆகிவிடும்.

கேன்வாஸில் அடிக்காதீர்கள். துணியின் நெசவு, மயிரிழைக் கோடுகளை விழுங்கிவிடும். மேட் பேப்பர்தான். ஃப்ளெக்ஸ் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது கட்அவுட்டுக்கு.

பிப்ரவரி 13

'கள்ளிக்கோட்டை இருக்கிறதே, நம் பக்கத்து ஊர்' என்று ஆர்.கே. புரம் மாமி ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். கொலோனில் பிரௌனும் ஹோகன்பெர்கும் 1572-இல் தொடங்கி 1617 வரை ஆறு தொகுதியாகப் போட்ட நகரப் படத் தொகுப்பின் முதல் தொகுதியிலேயே கள்ளிக்கோட்டை வருகிறது. ஒரே தாளில் கள்ளிக்கோட்டை, ஓர்முஸ், கண்ணூர், அப்புறம் சம்பந்தமே இல்லாமல் ஆப்பிரிக்காவின் எல்மினா. கரையில் யானை, கப்பல் கட்டும் ஆட்கள், பின்னால் மலை. இது நிஜமாகவே செப்புத் தகடு, இந்த முறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பல படங்களில் முன்னால் நாலு பேர் உள்ளூர் உடையில் நிற்பார்கள். அழகுக்கு மட்டும் இல்லையாம். மனித உருவம் இருந்தால் துருக்கியர்கள் மத காரணத்தால் இதைத் தொடமாட்டார்கள், படையெடுப்புக்குப் பயன்படாது என்று பிரௌனே முன்னுரையில் எழுதியிருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டு பாஸ்வேர்டு.

பிப்ரவரி 20

வெனிஸ் எங்கள் வீட்டில் எப்போதுமே வழக்கில்தான் இருந்தது. மாமனார் எங்களோடு இருக்கிறார், வயது எழுபத்தெட்டு. 'ஏன் மாப்ளே, போகாத ஊருக்கு வழி எதுக்கு?' என்பார். நான் நாகப்பட்டினத்துக்காரன், அவர் கும்பகோணம், பிழைப்பு டெல்லியில். சுவரில் இத்தாலி.

நாகப்பட்டினத்துக்கும் படம் உண்டு. 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் டச்சுப் பாதிரியாராக இருந்த பால்டேயஸ் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் போட்ட புத்தகத்தில் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் இருக்கின்றன. பிரிண்ட் எடுத்து மாட்டிப் பார்த்தேன். மாமனார் பார்த்துவிட்டு, 'இதுல காரோணர் கோவில் எங்க?' என்றார். தேடினேன். அவர்களுக்கு வேண்டியதைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 21

நேற்று எழுதியதைப் பற்றி யோசித்துக்கொண்டே மெட்ரோவில் போனேன். நம்மிடம் இந்த வகைப் படமே இல்லை என்கிற மாதிரி தொனித்துவிட்டது. எங்கள் வீட்டு அடுக்களைக் கதவில் ஒரு பழனிக் காலண்டர் இருந்தது. அடிவாரம், குதிரை வண்டி, யானைப் பாதை, படிக்கட்டு, உச்சியில் கோவில், எல்லாம் ஒரே பார்வையில். படி ஏறுகிறவன் எறும்பு அளவு, முருகன் மலை அளவு. பூரியில் யாத்ரிகர்களுக்கு விற்கும் படச் சீலையும் அதே கதைதான். ஜகந்நாதர் கோவிலை நடுவில் வைத்து, க்ஷேத்திரம் முழுவதையும் சங்கு வடிவத்துக்குள் அடைத்திருப்பார்கள். அளவு முக்கியமில்லை, எது பெரியது என்பதுதான் முக்கியம். பால்டேயஸை நான் குறை சொன்னது அதிகம். அவரவர் கோவிலை அவரவர் பெரிதாக வரைகிறார்கள்.

மார்ச் 3

பெருமையாக ஒரு செய்தி. டெல்லியே கிடைத்துவிட்டது. 'முற்றுகைக்கு முன் டெல்லி நகரம்', இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், 1858 ஜனவரி 16. ஜும்மா மசூதி, செங்கோட்டை, அடைத்துக்கொண்டு நிற்கும் வீடுகள். கலர் வேறு. தெற்கு டெல்லியில் ஒரு பழம்பொருள் கடை, பெயர் வேண்டாம். பதினெட்டாயிரம் சொன்னார், பதினாலாயிரத்துக்கு முடித்தேன். அருமையான லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு. பிரிண்ட் போதும் என்று உங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு நான் ஒரிஜினல் வாங்கிவிட்டேன், திட்டுங்கள்.

மார்ச் 4

திட்டிவிட்டீர்கள். ஒரு நண்பர் கேட்ட கேள்விதான் உறுத்துகிறது. 'அந்தப் பத்திரிகை மரச்செதுக்கில் அல்லவா படம் போட்டது, உங்களுடையது எப்படி லித்தோ ஆனது?'

மார்ச் 9

வைரம் பார்க்கிற லூப், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், ஒன்று வாங்கினேன். கண்ணில் ஒட்டிக்கொண்டு ஜும்மா மசூதிக் கும்மட்டத்தில் இறங்கினேன்.

புள்ளி. எங்கே பார்த்தாலும் புள்ளி. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு, சின்னச் சின்னக் கோலம் போட்ட மாதிரி வட்டம் வட்டமாக. யமுனையின் நீலம் நீலமே இல்லை, புள்ளிகளின் கூட்டம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே ஆஃப்செட். டீத்தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி பழுப்பு வேறு, ஓரத்தில் திட்டுத் திட்டாக.

கடைக்குப் போனேன். 'ஆண்டிக் லுக் என்றுதானே சொன்னேன், ஒரிஜினல் என்று சொன்னேனா?' என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த வார்த்தையை நான்தான் சொல்லியிருக்கிறேன், அவர் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். டெல்லியில் முப்பது வருடம். இன்னும் தலையாட்டலுக்கு அர்த்தம் தெரியவில்லை.

மார்ச் 10

வயிற்றெரிச்சல் தீர, வாங்கப் போகிறவர்களுக்கு. லூப்பில் வண்ணப் புள்ளிக் கோலம் தெரிந்தால் நம் காலத்து அச்சு. செப்புத் தகடு என்றால் படத்துக்கு வெளியே நாலு பக்கமும் தகடு அழுந்திய பள்ளம் இருக்கும், விரலால் தடவினாலே தட்டுப்படும். பழைய தொகுப்பிலிருந்து பிரித்த தாளில் நடுவில் மடிப்பும் இருக்கும். பிரௌன், ஹோகன்பெர்க் தாள்களில் பின்பக்கம் எழுத்து அச்சாகியிருக்கும், பெரும்பாலும் லத்தீன். ஆகவே ஃப்ரேம் போட்டு விற்றால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, 1858-இல் அந்தப் பத்திரிகைப் பக்கம் கறுப்பு வெள்ளைதான். கலர் இருந்தால் பிற்பாடு யாரோ கையால் பூசியது, அல்லது என்னுடையது போல.

மார்ச் 17

ஞாயிறு. மகிளா ஹாட் பழைய புத்தகச் சந்தைக்குப் போனேன். இது முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்தது, 2019-இல் இடம் மாறியது. போட்டிப் பரீட்சைப் புத்தகக் குவியலுக்கு அடியில் அதே லண்டன் பத்திரிகையின் நிஜப் பக்கம் ஒன்று கிடைத்தது. டெல்லி இல்லை, ஏதோ துறைமுகம், பாதி கிழிசல். நானூறு ரூபாய்.

லூப்பில் பார்த்தேன். புள்ளியே இல்லை, அத்தனையும் கோடு. அப்புறம் வானத்தின் குறுக்கே மயிரிழை அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு, மேலிருந்து கீழ்வரை நேராக, கப்பல் பாய்மரத்தையும் வெட்டிக்கொண்டு. முதலில் மடிப்பு என்று நினைத்தேன். மடிப்பு இல்லை. இந்தப் படங்களைச் செதுக்கிய பாக்ஸ் என்கிற மரம் ஒல்லியாக வளர்வது, பெரிய பலகை கிடைக்காது. சின்னக் கட்டைகளைப் பின்னால் போல்ட் போட்டு முடுக்கி ஒன்றாக்குவார்கள். அவசரச் செய்தி என்றால் கழற்றி ஆளுக்கொரு கட்டை கொடுத்துச் செதுக்கச் சொல்லி மறுபடி பூட்டுவார்கள். பூட்டு சரியாகச் சேராத இடம்தான் அந்த வெள்ளைக் கோடு. ஒருத்தன் பாய்மரத்தின் இடது பாதியையும் இன்னொருத்தன் வலது பாதியையும் செதுக்கியிருக்கிறான். இடதுகாரன் கொஞ்சம் சோம்பேறி.

பதினாலாயிரத்தில் கிடைக்காதது நானூறில் கிடைத்தது. இதையும் ஃப்ரேம் போடுவதாக இருக்கிறேன்.

மார்ச் 24

போலிப் படத்தை எடுத்துக்கொண்டு மகளோடு ஜும்மா மசூதி மினாரில் ஏறினேன். சுருட்டிய படம், ஆள் ஒடுங்கும் படிக்கட்டு, எதிரே இறங்கி வரும் கூட்டம். மேலே கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று விரித்துப் பார்த்தோம்.

படத்தில் மசூதிக்கும் கோட்டைக்கும் நடுவே கூரைகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நேரில் அங்கே மைதானம், சாலை, பார்க்கிங். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அந்தப் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், கோட்டைக்குள்ளும் பெரும்பகுதி போனது. பத்திரிகை வாங்கிய லண்டன்காரர் கையில் இருந்தது ஏற்கெனவே தோற்றுப்போன ஊர். டெல்லி விழுந்தது 1857 செப்டம்பரில். படம் வந்தது ஜனவரியில்.

மகள் போனில் சாட்டிலைட் படத்தைத் திறந்தாள். 'அப்பா, இதுல மொட்டை மாடி மட்டும்தான் தெரியுது. அதுல வாசலும் தெரியுது.' நான் இத்தனை நாளாகச் சுற்றி வளைத்துச் சொன்னதை ஒரு வரியில் முடித்துவிட்டாள். சாய்வாக வரைந்தால்தான் தெருவும் தெரியும், தெருவைப் பார்த்து நிற்கும் வீட்டு முகப்பும் தெரியும். மேலே ஆணியடித்த மாதிரி நின்று பார்த்தால் ஊர் தண்ணீர்த் தொட்டிகளின் பட்டியல்.

இன்னொன்று. பருந்துகள் எங்களுக்குக் கீழே வட்டமிட்டன. பறவைப் பார்வை பார்க்கப் போய், பறவையின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 25

'பறவைப் பார்வை' நல்ல தமிழ் இல்லை, 'பருந்துப் பார்வை' என்று எழுதுங்கள் என்கிறார் ஒரு தமிழாசிரியர். ஐயா, இலக்கணத்தில் பருந்தின் வீழ்வு என்று ஒன்று உண்டு, ஆனால் அது பார்வை இல்லை, பாய்ச்சல். தவிர எங்கள் பக்கத்துப் பருந்துகள் காஜிப்பூர் குப்பை மலைக்கு மேலேதான் சுற்றுகின்றன. அவற்றின் பார்வையில் டெல்லியை வரைந்தால் நீங்கள் மாட்டமாட்டீர்கள்.

ஏப்ரல் 6

இந்திய ஓவியர் வரைந்த டெல்லி கிடையாதா என்று கேட்டவருக்கு. மஜார் அலி கான், 1846. செங்கோட்டை லாகூர் கேட்டின் உச்சியில் நின்று கிட்டத்தட்ட முழு வட்டமாகச் சுற்றிப் பார்த்து வரைந்தது, ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளம். பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. இது ஆகாயத்திலிருந்து பார்த்ததல்ல, நிஜமாக ஒரு மனிதன் நின்ற இடத்திலிருந்து பார்த்தது. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. லண்டன் பத்திரிகை ஊரைக் காட்டுகிறது, இவர் தன் ஊரைப் பார்க்கிறார். ஐந்து மீட்டரை எந்தச் சுவரில் மாட்டுவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏப்ரல் 19

அமெரிக்கப் படங்களைப் பற்றி மேலே ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அவை தனி ரகம். ஃபவுலர் என்று ஒருவர், நானூறுக்கும் மேல் சிற்றூர்களை வரைந்தவர். ஊருக்கு வந்து தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்தையும் குறித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களிடம் முன்பணம் வசூலிப்பார்கள். பணம் கொடுத்த கடைக்கும் பங்களாவுக்கும் ஓரத்தில் தனிக் கட்டம். எல்லாப் புகைபோக்கியிலும் புகை, எல்லா ஆற்றிலும் படகு. ஊர் வளர்கிறது, வந்து மனை வாங்குங்கள் என்று அர்த்தம்.

நொய்டா எக்ஸ்டென்ஷனில் ஃப்ளாட் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பில்டர் கொடுத்த புரோஷரிலும் சாய்வாக மேலிருந்து பார்த்த படம்தான். அதில் ஏரி இருந்தது.

மே 28

வெயில் நாற்பத்தைந்து. மேற்குச் சுவரில் எந்தப் படத்தையும் மாட்டாதீர்கள். என் வெனிஸின் வலது பக்கம் இரண்டே கோடையில் வெளுத்துப் போனது.

ஆகஸ்ட் 11

துறைமுகப் பக்கத்துக்கு ஃப்ரேம் போடக் கொடுத்திருந்தேன். பார்க்கப் போனால், ஹார்டுபோர்டில் பசை தடவி முழுசாக ஒட்டிவிட்டார் கடைக்காரர். 'சார், இனிமே சுருங்கவே சுருங்காது' என்றார் சந்தோஷமாக. நூற்றறுபது வருடத்துக்கு மேல் லண்டன், கப்பல், கல்கத்தா, நடைபாதை எல்லாவற்றையும் தாங்கிய தாள். எங்கள் ஊர் ஃபெவிகாலிடம் தோற்றது.

நிஜப் பழைய தாள் வைத்திருப்பவர்கள் கடையில் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்: ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை மாவுக் கஞ்சியும் போதும், நனைத்தால் பிரிந்து வரும். செல்லோடேப் கூடவே கூடாது, பத்து வருடத்தில் மஞ்சள் தழும்பாகிவிடும். பின்னால் ஆசிட் இல்லாத அட்டை. கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட், அதாவது ஓர அட்டை. இல்லாவிட்டால் இந்த ஆகஸ்ட் புழுக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியும் பூக்கும். பிரிண்ட் என்றால் இவ்வளவு கவலை வேண்டாம், மறுபடி அடித்துக்கொள்ளலாம். என் போலிக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது.

ஆகஸ்ட் 12

நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்கு ஒரிஜினல் ஒன்று வாங்கிப் பரிசாகக் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. ஏர்போர்ட்டில் வாதாடுவதற்குப் பதிலாக பிரிண்டைச் சுருட்டிக் கொண்டுபோங்கள்.

செப்டம்பர் 30

துவாரகா நண்பர் படம் அனுப்பியிருக்கிறார். சோபாவுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறார், ஏழடி கேன்வாஸ், பாரிஸ். நான் எழுதியதில் எதைப் படித்தார் என்று தெரியவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கோபம்.

அக்டோபர் 14

போலி டெல்லியை நடையில், பூஜை அலமாரிக்கும் குளியலறைக்கும் நடுவே மாட்டி ஏழு மாதமாகிறது. மாமனார் எழுபதுகளில் சாந்தினி சௌக்கில் ஒரு பாங்கில் வேலை பார்த்தவர். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து அதன் முன்னால் நிற்கிறார். ஆபீஸ் இருந்த இடம், பராட்டா கலி, டிராம் பாதை இருந்த இடம் என்று கண்ணாடி மேல் விரலை வைத்துக் காட்டுகிறார். 1858-இல் டிராம் ஏது என்று ஒருமுறை திருத்தினேன். 'போடா, நீ வாங்கினதே டூப்ளிகேட்' என்றார். மாப்பிள்ளை என்கிற மரியாதை அன்றோடு போனது.

இத்தனைக்கும் சாந்தினி சௌக் என்று அவர் தொடுவது சாந்தினி சௌக் இல்லை, அதற்குப் பக்கத்துத் தெரு. சொல்லவில்லை. அந்த இடத்தில் கண்ணாடியில் நெய்ப் பிசுக்கோடு ஒரு கட்டைவிரல் ரேகை, லூப் இல்லாமலே தெரிகிறது. வேலைக்கு வரும் அம்மா தினம் துடைத்துவிடுகிறார். மறுநாள் காலை ஏழு மணிக்குள் அது திரும்ப வந்துவிடுகிறது.